ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மூளை ஏன் பதறுகிறது?

மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும் என்பது தெரிந்த செய்திதான். அதே சமயத்தில் இன்னொரு ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது என்பதைத்தான் அதிகம் பேசுவதில்லை.

பெண் குழந்தை பிறக்கும்போது சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். பூப்பெய்தும்போது எஞ்சுபவை மூன்று, நான்கு லட்சம். அவற்றில் முதிர்ந்து வெளிவருபவை சில நூறு. மற்றவை தாமாகவே அழிந்துவிடும். மாதந்தோறும் வளரும் முட்டைகளைச் சூழ்ந்த செல்கள்தான் ஈஸ்ட்ரோஜனையும் இன்ஹிபின் என்ற ஹார்மோனையும் சுரந்து, மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குக் கடிவாளம் போடுகின்றன. முட்டைகள் தீரத் தீரக் கடிவாளம் தளர்கிறது. முட்டைகளை வளரத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனை பிட்யூட்டரி வாரி இறைக்கிறது.

அந்த எஃப்எஸ்ஹெச்சில் சிறுநீரில் வெளியேறும் அளவே மருந்து தயாரிக்கப் போதுமானது! இத்தாலியில் மாதவிடாய் நின்ற கன்னியாஸ்திரீகளின் சிறுநீரைச் சேகரித்து எஃப்எஸ்ஹெச்சைப் பிரித்தெடுத்தார்கள். குழந்தையில்லாத பெண்களுக்கு அதை ஊசியாகப் போட்டதில், 1962இல் இஸ்ரேலில் முதல் குழந்தை பிறந்தது.

ஈஸ்ட்ரோஜனும் சீராக இறங்குவதில்லை. பிட்யூட்டரியின் நெருக்குதலால் ஒரு மாதம் இளமைக்கால அளவையும் மிஞ்சும், அடுத்த மாதம் அதலபாதாளம். அதனால்தான் நாற்பதுகளின் நடுவில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் அது நின்றுவிட்டதாகக் கணக்கு.

இனி அந்தத் திடீர்ச் சூடு. நெஞ்சில் கிளம்பிக் கழுத்து, முகம் என்று குப்பென ஏறும்; வியர்வையில் ரவிக்கை நனையும்; சில நிமிடங்களில் அடங்கி, மின்விசிறியை நிறுத்தச் சொல்லும் அளவுக்குக் குளிரும். காய்ச்சல் அல்ல, 'உடம்புச் சூடு' என்று இளநீரோடு முடித்துக்கொள்ளும் விஷயமும் அல்ல. மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதாலமஸில் ஒரு நரம்புசெல் கூட்டத்தை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் நவோமி ரான்ஸ், இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்தச் செல்கள் பருத்திருப்பதைக் கண்டார். தடை நீங்கிய இச்செல்கள் நியூரோகைனின் பி என்ற பொருளை அதிகமாக வெளியிட்டு, பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைச் சீண்டுகின்றன. உடல்வெப்பம் இம்மியளவு உயர்ந்தாலும் அந்த மையம் பதறிப்போய்த் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வியர்வையைத் திறந்துவிடுகிறது. 'எல்லாம் மனப்பிரமை' என்று மனைவியிடம் சொல்லும் கணவர்கள் இதைப் படிப்பது நல்லது.

நியூரோகைனின் பி போய் ஒட்டும் இடத்தையே அடைக்கும் ஃபெசோலினெட்டன்ட் மாத்திரைக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அதில் ஹார்மோன் கிடையாது. ஆனால் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயம். மாதவிடாய் நின்றபின் வரும் எலும்புத் தேய்மானத்துக்கு இது உதவாது. அங்கே எலும்பை அரிக்கும் செல்களை நேரடியாகக் கட்டுக்குள் வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன்தான்.