தலையாட்டுகிறவர்களைத் திட்டாதீர்கள்

"ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டால்கூட, "உங்களுக்கு எப்படி வசதியோ அப்படி" என்கிறார்கள். உளவியல் ஆலோசனைக்கு வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்களை அடிக்கடி பார்க்கிறேன். தூக்கமில்லை, வயிற்றுவலி என்று அலைந்திருப்பார்கள். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரிந்திருக்காது. கூட வந்தவர் அவர்களை வைத்துக்கொண்டே சொல்வார்: "இவனுக்கு முதுகெலும்பே கிடையாது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான்." போன வாரமும் கேட்டாயிற்று. அலுத்துவிட்டது.

1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது அதே நீளம்? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால், அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்கள். பல சுற்றுகளில் அவர்கள் வேண்டுமென்றே ஒரே தப்பான பதிலைச் சொன்னார்கள். இப்படிப் பல குழுக்களில் விஷயம் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது அந்தத் தப்பையே தாங்களும் சொன்னார்கள். அத்தனை பேரும் கல்லூரி மாணவர்கள். கூட இருந்தவர்கள் சொந்தக்காரர்கள் இல்லை. வெறும் கோட்டுக்கே இந்தப் பாடு என்றால், தினமும் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் முன்னால் ஒருவர் வாயை மூடிக்கொள்வதைக் கோழைத்தனம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

அதே சோதனையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னதும், ஆமாம் போடுவது வெகுவாகக் குறைந்தது. பதிலைத் தனியாக எழுதித் தரச் சொன்னபோதும் குறைந்தது. அதனால் "தைரியமா இரு" என்ற உபதேசத்தை நிறுத்துங்கள். துணைக்கு ஓர் ஆளாக நில்லுங்கள்.

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுவதைச் 'சுயம்' என்று நினைப்பவர்களும் வருகிறார்கள். அவர்களும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள், நேர் எதிராக, அவ்வளவுதான்.

தலையாட்டியே பழகியவர்களுக்கு: கூடிப் பேசப் போகும் முன் உங்கள் கருத்தை ஒரு வரியில் எழுதிவையுங்கள். கேட்டவுடனே 'சரி' சொல்லாதீர்கள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றால் யாரும் செத்துவிடமாட்டார்கள். ஜன்னல் மாதிரிச் சின்ன விஷயங்களில் பழகுங்கள். மறுத்தால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நிலை இருந்தால் மட்டும், தயவுசெய்து தனியாக மோதாதீர்கள். முதலில் பாதுகாப்பு. அதுவரை மௌனமாக இருப்பது தப்பே இல்லை.

அப்புறம், குழுவில் மூத்தவர்களே, உங்கள் முடிவை அறிவித்துவிட்டு "யாருக்காவது வேறு கருத்து இருக்கா?" என்று கேட்காதீர்கள். கடைசியாகப் பேசுங்கள்.