எரிந்தால்தான் மருந்தா?

இந்த வாரமும் ஒருவர். காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா, முழங்கால் வலி. டாக்டர் எழுதிக் கொடுத்த ஜெல் டியூப்பை எங்கள் மெடிக்கல் கவுன்டரில் வைத்து, "இன்னா தம்பி, சில்லுனு கீது, எரியவே இல்ல. டூப்ளிகேட்டா?" என்றார். எரிய வைக்க அவரே வழியும் கண்டுபிடித்திருந்தார். ஜெல்லோடு தைலத்தைக் குழைத்துத் தேய்த்து, மேலே பிளாஸ்டிக் கவரைச் சுற்றி, வெந்நீர்ப் பை ஒத்தடம். முழங்கால் முழுக்கக் கொப்புளம்.

தண்டையார்பேட்டை முதல் எண்ணூர் வரை இதே நம்பிக்கைதான்: எரிந்தால் பவர். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தைலத்தில் இருக்கும் மெந்தாலும் கற்பூரமும் தோல் நரம்பைச் சீண்டுகின்றன. கவனம் வலியிலிருந்து அங்கே போகிறது. அந்த எரிச்சல் மூட்டு வீக்கத்தைத் தொடுவதே இல்லை. வீக்கத்தைக் குறைப்பது அக்காவின் ஜெல்லில் இருக்கும் டைக்ளோஃபெனாக் மருந்து; அது எரியத் தேவையில்லை. எரிகிறதா? தோல் புண்ணாகிறது, அவ்வளவுதான்.

அக்காவின் டியூப் நுண்பை வகை, அதாவது மருந்தை மிகச் சிறிய பைகளுக்குள் அடைத்த ஜெல். இந்தப் பைகளில் ஒரு வகையான நியோசோம் என்பது, சோப்புக் குடும்பத்துச் சர்ஃபாக்டன்டும் கொலஸ்ட்ராலும் சேர்ந்த, கண்ணுக்குத் தெரியாத பை. (முகக் கிரீமுக்காக லோரியல் கம்பெனி உருவாக்கியது; வலிக்காரர்கள் பக்கம் அப்புறம்தான் வந்தது.) மருந்தை வைத்துக்கொண்டு தோலின் மேலடுக்கில் மெல்ல மெல்ல விடும். அதில் தைல எண்ணெயைக் குழைத்தால் பை குலைந்துவிடலாம். போதாக்குறைக்குப் பல தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் உண்டு, ஆஸ்பிரினுக்குச் சொந்தம். ஆக இரண்டு வலிமருந்து. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு இரத்தக்கசிவே வரலாம்.

கவர் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், காயத்தின் மேல் வேண்டாம். மீன் முள் கீறிய கையால் தேய்க்காதீர்கள். 1 சதவீத டைக்ளோஃபெனாக் ஜெல் என்றால் முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் கூடாது. ஆள்காட்டி விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பூசி ஒரு மணி நேரம் குளிக்க வேண்டாம். அல்சர், கிட்னி கோளாறு, கர்ப்பம் என்றால், வெறும் ஜெல்தானே என்று மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே வலிக்கு மாத்திரையும் போடுகிறீர்கள் என்றால் அதையும்.

அப்புறம் அக்கா, உங்களைத்தான் கேட்டுக்கொள்கிறேன். டியூப்பை ஐஸ் பெட்டியில் மீனோடு வைக்காதீங்க. உறைந்தால் பை உடையும். தண்ணீர் தனியாகப் பிரிந்து வந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்க.