கிருஷ்ணகிரி காத்துல கடல் உப்பு: வெறும் உப்புதானேன்னு விட்றாதீங்க

நான் ஓசூர்ல ஒரு சுற்றுச்சூழல் லேப்ல கெமிஸ்ட். தூசி பிடிச்ச ஃபில்டர் பேப்பர், மழைத்தண்ணி, போர் தண்ணி இதெல்லாம்தான் தினமும் கையில. ஐப்பசி கார்த்திகை சாம்பிள் ரிப்போர்ட்டை பாத்துட்டு நிறைய பேர் கேக்கறது, "சார், கடல் எங்கயோ இருக்கு, நம்ம காத்துல எப்படி சார் சோடியமும் குளோரைடும் வருது?"ன்னு. அது ரெண்டும் சேர்ந்ததுதான் கடல் உப்பு, வடகிழக்கு பருவக்காத்து வங்காள விரிகுடால இருந்து கொண்டு வருதுன்னு சொன்னா, "அட உப்புதானே, அதனால என்ன"ன்னு விட்டுடறாங்க. அங்கதான் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது, ஏன்னா அந்த உப்பு வர்ற வழியில சும்மா இருக்கறதே இல்ல.

கடல்ல அலை உடையும்போது காத்து தண்ணிக்குள்ள மாட்டி, குமிழா மேல வந்து வெடிக்கும், அப்ப தெறிக்கிற பொடித்துளில தண்ணி வத்தி உப்புத்துகள் நிக்கும். உலகம் பூரா வருஷத்துக்கு பல நூறு கோடி டன் இப்படி காத்துல ஏறுது. பெருசெல்லாம் சீக்கிரமே கடல்லயே விழுந்துடும், ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) சின்னது நாள்கணக்குல மிதக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாவே ஈரத்தை இழுத்து துளியா மாறிடும், கடல் மேல பெரும்பாலும் அந்த நிலைமைதான். அதனால ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி டெஸ்ட் டியூப்னு வச்சுக்கோங்க.

அதுக்குள்ள என்ன நடக்குது? லாரி, கப்பல், அனல்மின் நிலையப் புகையில இருக்கற நைட்ரஜன் ஆக்சைடு வெயில்ல நைட்ரிக் ஆசிட் ஆகுது, அது உப்புத்துளில ஒட்டினா சோடியம் நைட்ரேட் தங்கிடும், குளோரின் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஆவியா வெளியேறிடும். பி.எச்ங்கறது அமிலமா காரமான்னு காட்டற அளவு, 7க்கு மேல காரம், கீழ அமிலம். கடல்தண்ணி பி.எச் 8 கிட்ட இருக்கும், ஆனா தெறிச்ச சின்னத் துளி சில நிமிஷத்துலயே அமிலமா மாறிடுது. ராத்திரி கதை இன்னும் முக்கியம். வெயில் இல்லாதப்ப நைட்ரஜன் டையாக்சைடும் ஓசோனும் சேர்ந்து கடைசில டைநைட்ரஜன் பென்டாக்சைடு உண்டாகும், அது உப்புத்துளில இருக்கற குளோரைடைப் பிடிச்சு நைட்ரைல் குளோரைடுங்கற வாயுவா வெளிய அனுப்பும். விடியற வரைக்கும் அது அப்படியே இருக்கும், வெயில் பட்டதும் உடைஞ்சு தனி குளோரின் அணு வந்துடும். இந்த அணு மீத்தேனோட, காத்துல வழக்கமா மீத்தேனைச் சிதைக்கற ஹைட்ராக்சில்ங்கற துணுக்கை விட பத்து மடங்குக்கும் மேல வேகமா வினைபுரியும், எண்ணிக்கை ரொம்ப கம்மிங்கறதால மொத்தக் கணக்குல பங்கு சின்னதுதான், ஆனா புகை இருக்கற கரையோரத்துல காலைல தரையோரமா மூச்சுக்குக் கெடுதலான ஓசோன் உருவாகறதை இது தூண்டிவிடும். சுத்தமான நடுக்கடல்ல நேர் எதிர், அங்க உப்புல இருந்து வர்ற புரோமின் ஓசோனைத் தின்னுடும். அதே கடல் உப்பு, நம்ம புகை கலந்தா ஒரு மாதிரி, கலக்காட்டி வேற மாதிரி.

இதை நான் லேப்ல எப்படி பாக்கறேன்னா, ஃபில்டரை வெட்டி டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவச்சு அயான் குரோமட்டோகிராஃப்ல, அதாவது தண்ணில கரைஞ்ச சோடியம், குளோரைடு, நைட்ரேட்டை எல்லாம் தனித்தனியா பிரிச்சு அளக்கற மெஷின்ல, ஓட்டுவோம். வெறும் விரல் பட்டாலே வேர்வை உப்பு ஒட்டிக்கும், அதனால கையுறை இல்லாம தொடவே கூடாது. கடல்தண்ணில எடைக்கணக்குல 1 பங்கு சோடியத்துக்கு 1.8 பங்கு குளோரைடு. ஃபில்டர்ல அதைவிட குளோரைடு கம்மியா, நைட்ரேட் கூடுதலா இருந்தா, உப்பு வழியில புகையோட வினைபுரிஞ்சு வந்திருக்குன்னு சந்தேகப்படலாம். 1.8ஐத் தாண்டி ஏறி இருந்தா நான் பக்கத்துல குப்பை எரிச்சாங்களான்னுதான் முதல்ல கேப்பேன், பழைய வயர்ல இருந்து செம்பு எடுக்க மேலுறையா இருக்கற பி.வி.சி. பிளாஸ்டிக்கைக் கொளுத்துறாங்களே, அந்தப் புகையிலயே குளோரின் இருக்கு. நம்ம பக்கம் கிரானைட் தூசி, மண்ணுல இருந்தும் கொஞ்சம் சோடியம் வரும், அதனால மெக்னீசியம் கால்சியத்தையும் சேர்த்துப் பாக்காம கடல் உப்புன்னு நான் எழுதித் தர மாட்டேன்.

நம்ம புகை நம்மளோட நிக்கறதும் இல்ல. 1999ல ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் மாலத்தீவை மையமா வச்சு இண்டோயெக்ஸ்னு பெரிய ஆய்வு நடந்துச்சு, தமிழரான வீரபத்ரன் ராமநாதனும் 1995ல வேதியியல் நோபல் வாங்கின பால் குருட்சனும்தான் தலைமை. தெற்காசியப் புகை இந்தியப் பெருங்கடல் மேல பழுப்பு மூட்டமா பரவி இருக்கறதை அதுல காட்டினாங்க. டோல்கேட்ல நிக்கற லாரிப் புகையும் வீதியில எரியற குப்பையும் வாடைக்காத்துல அந்தப் பக்கம்தான் போகுது, அங்க போயும் உப்போட சேருது. கட்டுப்படுத்த முடியாத விஷயமும் இல்ல இது, கப்பல் எரிபொருள்ல கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம்னு இருந்ததை 2020ல இருந்து 0.5க்கு குறைச்சாங்க. நம்ம ஊர்ல குப்பையைக் கொளுத்தறதை நிறுத்தறது அதைவிட கஷ்டமா என்ன?

ப்ராஜெக்டுக்கு மழைத்தண்ணி டெஸ்ட் பண்ணணும்னு வர்ற காலேஜ் பிள்ளைங்களுக்கு ஒண்ணு. கண்ணாடி பாட்டில் வேண்டாம்ப்பா, அதுல இருந்தே சோடியம் கசியும், மூடியோட பிளாஸ்டிக் பாட்டில் எடுத்து டிஸ்டில்டு வாட்டர்ல நாலஞ்சு தடவை அலசுங்க. மரத்தடி, ஓட்டுக்கூரை வேண்டாம், திறந்த மொட்டைமாடில வைங்க, மழை ஆரம்பிச்ச பிறகு மூடியைத் திறங்க, விட்டதும் மூடிடுங்க, இல்லன்னா தூசி விழுந்து கணக்கே மாறிடும். முதல் பத்து நிமிஷத் தண்ணியைத் தனியா, மீதியைத் தனியா பிடிச்சு, தேதியும் காத்து எந்தப் பக்கம் அடிச்சுதுன்னும் பாட்டில் மேலயே எழுதிட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு கொண்டு வாங்க.