வியன்னா அரங்கிலிருந்து நம் ஸ்கேன் ரிப்போர்ட் வரை

பித்தப்பைக் கல்லுக்காகவோ முழு உடல் பரிசோதனைக்காகவோ எடுத்த வயிற்று ஸ்கேனில், யாரும் கேட்காமலே ஒரு வரி வந்து நிற்கிறது: ஃபேட்டி லிவர், கிரேடு 1. "இது இப்போது பலருக்கும் இருக்கிறது, எண்ணெயைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தோடு அந்த ரிப்போர்ட் பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடுகிறது. பலருக்கும் இருக்கிறது என்பது உண்மைதான். சென்னை நகரவாசிகள் 541 பேரை ஸ்கேன் செய்து 2009இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 32 விழுக்காட்டினருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. ஆனால் அந்த ஒரு வரி சொல்லாமல் விடும் செய்திதான் நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. அதைக் கேட்டுப் பெறும் வழியை மருத்துவ உலகம் கடந்த சில ஆண்டுகளில் மாநாட்டு அரங்குகளில் விவாதித்து வகுத்திருக்கிறது.

முதலில் கல்லீரலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். இன்சுலினின் சொல்லை உடல் சரியாகக் கேட்காதபோது, கொழுப்புத் திசு தன்னிடம் உள்ள கொழுப்பு அமிலங்களை அடக்கி வைக்க முடியாமல் இரத்தத்தில் விட்டுவிடுகிறது. அவை கல்லீரலை வந்தடைகின்றன. சோறும் சர்க்கரையும் தரும் மிகுதியான மாவுச்சத்தைக் கல்லீரல் தானே கொழுப்பாக மாற்றிக்கொள்வதும் கூடவே நடக்கிறது. கல்லீரல் உயிரணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளிகள் தென்பட்டால் அது கொழுப்புக் கல்லீரல். பெரும்பாலோருக்கு நோய் இந்தக் கட்டத்திலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடும். சிலருக்கு மட்டும் உயிரணுக்கள் ஊதிப் பருத்து, வீக்கம் ஏற்பட்டு, சிதையத் தொடங்குகின்றன. அப்போது, அதுவரை வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து அமைதியாக இருந்த நட்சத்திர வடிவ உயிரணுக்கள் விழித்துக்கொண்டு கொலாஜன் நாரை உற்பத்தி செய்கின்றன. புண் ஆறும்போது தோலில் தழும்பு உண்டாவதைப் போன்றதே இது. ஆனால் இங்கே புண் ஆறுவதே இல்லை, தழும்பு மட்டும் ஆண்டுதோறும் தடிக்கிறது. இந்த நார்த்தழும்பை எஃப்0 முதல் எஃப்4 வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். கடைசி நிலைதான் சிரோசிஸ்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் "கிரேடு" இந்தத் தழும்பின் நிலையைக் குறிப்பதன்று. கல்லீரல் பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைக் காட்டிலும் எவ்வளவு வெண்மையாகத் திரையில் ஒளிர்கிறது என்பதை வைத்துக் கொழுப்பின் அளவை மதிப்பிடும் எண் அது. கிரேடு 1 உள்ள ஒருவருக்குத் தழும்பு முற்றியிருக்கலாம். கிரேடு 3 உள்ளவருக்குத் தழும்பே இல்லாமலும் இருக்கலாம். இன்னும் சொல்லப்போனால், சிரோசிஸ் முற்றும்போது கல்லீரலிலிருந்து கொழுப்பு கரைந்து குறைவதும் உண்டு. எண் குறைந்துவிட்டது என்று குடும்பம் நிம்மதி அடையும் நேரத்தில் நோய் முன்னேறிக்கொண்டிருக்கும் என்பதால்தான் இதை இவ்வளவு வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்ததே பிற்காலத்தில்தான். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில் பணியாற்றிய நோய்க்கூறியல் மருத்துவர் யுர்கன் லுட்விக், குடிப்பழக்கம் இல்லாத 20 நோயாளிகளின் கல்லீரல் திசுவில், மதுவால் கெட்ட கல்லீரலின் அதே தோற்றத்தைக் கண்டு 1980இல் எழுதினார். "மது சாராத" என்ற அடைமொழியோடு அவர் சூட்டிய பெயர் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. அந்தப் பெயர் நோய் எதனால் வரவில்லை என்பதைச் சொன்னதே தவிர, எதனால் வருகிறது என்பதைச் சொல்லவில்லை. மது என்ற சொல்லைத் தாங்கியிருந்ததால், வாழ்நாளில் ஒரு சொட்டும் குடிக்காத பெண்கள் உறவினர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலையும் வந்தது.

2023 ஜூன் மாதம் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுக் கழகத்தின் ஆண்டு மாநாட்டில் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. மேடையில் அறிவிக்கச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. அதற்கு முந்தைய உழைப்புதான் கவனிக்கத்தக்கது. அமெரிக்க, ஐரோப்பிய, இலத்தீன் அமெரிக்கக் கல்லீரல் கழகங்கள் கூடி 56 நாடுகளைச் சேர்ந்த 236 பேரிடம் நான்கு சுற்றுகளாகக் கருத்துக் கேட்டன. நோயாளிகளின் பிரதிநிதிகளும் அதில் இருந்தனர். டெல்ஃபி எனப்படும் இந்த முறையில் ஒவ்வொருவரும் பெயர் வெளியே தெரியாமல் பதிலளிக்கிறார்கள். தொகுத்த முடிவுகள் எல்லோருக்கும் அனுப்பப்படுகின்றன. அவற்றைப் படித்த பின் மீண்டும் பதிலளிக்கிறார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து உரக்கப் பேசியதும் அறையே தலையாட்டும் வழக்கத்துக்கு இதில் இடமில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாத எதுவும் ஏற்கப்படவில்லை. பழைய பெயரில் குறை இருக்கிறது என்று 74 விழுக்காட்டினர் கூறினர். "மது சாராத" என்ற சொல் இழுக்குத் தருவதாக 61 விழுக்காட்டினரும், "ஃபேட்டி" என்ற சொல் இழுக்குத் தருவதாக 66 விழுக்காட்டினரும் கருதினர்.

தமிழில் இந்த இழுக்கு இன்னும் ஆழமானது. "உனக்குக் கொழுப்பு கூடிவிட்டது" என்று நாம் யாரைச் சொல்வோம், எப்போது சொல்வோம் என்பது நமக்குத் தெரியும். கொழுப்பு என்ற சொல் நம் மொழியில் திமிருக்கும் பெயர். அந்தச் சொல்லை நோயின் பெயராக மருத்துவர் வாயிலிருந்து கேட்கும் நோயாளி தன் நடத்தைக்குத் தீர்ப்பு வந்ததாகக் குன்றிப்போவதில் வியப்பில்லை. புதிய பெயரைத் தமிழாக்கினால் "வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கல்லீரல் கொழுப்பேற்ற நோய்" என்று நீளும். மாஸ்ல்டி என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். நீளமான அந்தப் பெயரிலும் கொழுப்பு போகவில்லை. நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று இனிமேல்தான் பிறக்க வேண்டும்.

பெயரோடு வரையறையும் மாறியது. கல்லீரலில் கொழுப்பு இருந்து, கூடவே உடல் பருமன், சர்க்கரை, இரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு மிகுதி, நல்ல கொலஸ்டிரால் குறைவு ஆகிய ஐந்தில் ஒன்றாவது இருந்து, வேறு காரணம் தெரியாவிட்டால் அது இந்த நோய். பருமனை அளக்கும் பி.எம்.ஐ. எல்லை மற்றவர்களுக்கு 25 என்றால் ஆசியர்களுக்கு 23. நம் உடல்வாகுக்கு இந்த வேறுபாடு இன்றியமையாதது. மேற்கு வங்காளத்தின் கிராமப்புறத்தில் 1,911 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில் 8.7 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் நான்கில் மூவருக்கு பி.எம்.ஐ. 25க்கும் கீழ். வயலில் உழைக்கும் ஒல்லியான உடலுக்கும் இது வரும் என்பதை இந்தியக் கிராமம் எடுத்துக்காட்டியது.

ஒரு மாநாடு நோயாளியின் மருத்துவத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அதே வியன்னா இரண்டு சான்றுகளைத் தருகிறது. ஆய்வாளர்கள் தங்கள் முடிவின் சுருக்கத்தைப் பல மாதங்களுக்கு முன்பே அனுப்புவார்கள். தேர்வுக் குழு மதிப்பெண் இட்டு, சிலவற்றை மேடைக்கும் பெரும்பாலானவற்றைச் சுவரொட்டிக் காட்சிக்கும் ஒதுக்கும். மேடையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆய்வின் உரம் தெரிவது அதற்குப் பிறகு, அரங்கில் ஒலிவாங்கியின் முன் வரிசையில் நிற்பவர்கள் கேள்வி கேட்கும்போது. 2019 ஏப்ரலில் இதே நகரத்தில், இதே கழகத்தின் மாநாட்டில் ஒபெட்டிகோலிக் அமிலம் என்ற மருந்தின் இடைக்கால முடிவு பெரும் எதிர்பார்ப்போடு முன்வைக்கப்பட்டது. உயர் அளவு மருந்து எடுத்தவர்களில் 23.1 விழுக்காட்டினருக்குத் தழும்பு ஒரு நிலையாவது குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 11.9 விழுக்காட்டினருக்குக் குறைந்தது. ஆனால் அந்த மருந்து கடும் தோல் அரிப்பைத் தந்தது, கல்லீரலுக்கே தீங்கு செய்யக்கூடும் என்ற ஐயமும் எழுந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் ஒரு முறையும் 2023 ஜூனில் மறுமுறையும் அதை மறுத்தது. மேடையில் கேட்ட கைதட்டல் மருந்துக் கடை வரை வந்து சேரவில்லை. மாநாட்டுச் செய்தியை நாளிதழில் படித்ததும் அந்த மருந்தைத் தேடி அலைபவர்கள் இந்தக் கதையை அறிந்திருப்பது நல்லது.

இரண்டாவது சான்று ரெஸ்மெட்டிரோம். கல்லீரலில் உள்ள தைராய்டு ஹார்மோன் ஏற்பி ஒன்றைத் தூண்டி, கொழுப்பை எரிக்கச் செய்யும் மாத்திரை இது. இதன் 966 பேர் பங்கேற்ற சோதனையின் முடிவை, 2024 ஏப்ரலில் மறைந்த மருத்துவர் ஸ்டீபன் ஹாரிசன், பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்ட அதே 2023 வியன்னா மாநாட்டில் எடுத்துரைத்தார். 52 வாரங்களுக்குப் பிறகு எடுத்த திசுச் சோதனையில் 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் 24.2 விழுக்காட்டினருக்கும், 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் 25.9 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரைக் குழுவில் 14.2 விழுக்காட்டினருக்கும் தழும்பு குறைந்திருந்தது. 2024 மார்ச்சில் இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற முதல் மருந்தாக அது ஆனது. 2025 ஆகஸ்ட்டில் செமாக்ளூட்டைடு ஊசி அந்த வரிசையில் சேர்ந்தது. இரண்டுமே எஃப்2, எஃப்3 தழும்பு உள்ளவர்களுக்கு உரியவை. ஆகவே தழும்பின் நிலையை அறியாமல் மருந்தைப் பற்றிப் பேசவே முடியாது.

மருந்துக்கு முன்னும் பின்னும் நிற்பது உடல் எடை. கியூபாவின் ஹவானாவில் 293 நோயாளிகளை 52 வாரங்கள் உணவு, உடற்பயிற்சி வழியாக நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் 10 விழுக்காடும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் வீக்கம் முழுதாகத் தணிந்தது; 45 விழுக்காட்டினருக்குத் தழும்பும் பின்வாங்கியது. 70 கிலோ உள்ளவர் 7 கிலோ குறைக்க வேண்டும் என்பது இதன் பொருள். அந்த ஆய்விலேயே அதைச் சாதித்தவர்கள் சிறுபான்மையினர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தழும்பை அறிய முன்பு ஊசியால் குத்தித் திசு எடுப்பது ஒன்றே வழியாக இருந்தது. எடுக்கும் துணுக்கு கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். இன்று மாநாடுகள் ஒருமித்து முன்வைக்கும் வழி இரண்டு படிகள் கொண்டது. முதல் படிக்குப் புதிய பரிசோதனை எதுவும் தேவையில்லை. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்பவை இரத்தத்தில் அளக்கப்படும் கல்லீரல் நொதிகள். வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்கி, அதை, தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் தொகையால் வகுக்க வேண்டும். இதற்கு ஃபிப்-4 என்று பெயர். 52 வயதுள்ள சர்க்கரை நோயாளி ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 55, தட்டணு 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 1.6 லட்சத்தை 160 என்று எழுத வேண்டும். 52ஐ 48ஆல் பெருக்க 2,496, 160ஐ 7.42ஆல் பெருக்க ஏறத்தாழ 1,187, வகுத்தால் 2.1. விடை 1.3க்குக் கீழே இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்புக் குறைவு, ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் மறுபடி பார்த்தால் போதும், 2.67க்கு மேலே போனால் கல்லீரல் நிபுணரிடம் போயாக வேண்டும். நம் நோயாளி இடையில் நிற்கிறார், அவருக்கு இரண்டாம் படி தேவை. ரிப்போர்ட்டில் அவருக்கு கிரேடு 1 என்று எழுதியிருந்திருக்கலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ் எல்லை 2 என்பதையும், 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாக ஒத்துவராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். டெங்கு வந்த வாரத்தில் எடுத்த இரத்தத்தை வைத்து இதைக் கணக்கிடவே கூடாது. தட்டணு சரிந்து எஸ்.ஜி.ஓ.டி. ஏறியிருக்கும் அந்த நேரத்தில் விடை பொய்யாக உயர்ந்துவிடும்.

இரண்டாம் படி ஃபைப்ரோஸ்கேன். மூன்று மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தவர் மல்லாந்து படுத்து, வலக்கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார். விலா எலும்புகளுக்கிடையே வைத்த கருவி விரலால் சுண்டியதைப் போல மெல்லத் தட்டுகிறது, வலி இல்லை. அந்தத் தட்டலின் அதிர்வலை கல்லீரலுக்குள் ஓடும் வேகத்தை ஒலி அலைகளால் அளக்கிறார்கள். பலாப்பழத்தைத் தட்டி, ஒலியை வைத்துக் காயா பழமா என்று சொல்வோம் அல்லவா, கிட்டத்தட்ட அதே அறிவுதான் இங்கே அளவுகோலாகியிருக்கிறது: மென்மையான கல்லீரலில் அலை மெதுவாகவும், நார் இறுகிய கல்லீரலில் வேகமாகவும் ஓடும். பத்து முறை தட்டி, நடு அளவைக் கிலோபாஸ்கல் எண்ணாகத் தருகிறார்கள். 8க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலை இல்லை.

இந்தியா இந்த நோயைத் தன் தேசியத் தொற்றா நோய்த் திட்டத்தில் 2021 பிப்ரவரியில் சேர்த்தது. 2024 செப்டம்பரில் வழிகாட்டு நெறிகளைத் திருத்தி, பயிற்சிக் கையேட்டையும் வெளியிட்டது. தமிழ்நாட்டில் அதே 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. முதலில் ஃபிப்-4 கணக்கிடப்பட வேண்டியவர்கள் இவர்கள்தாம். தேவைப்படும் மூன்று இரத்த அளவுகளும் சாதாரண ஆய்வகத்தில் கிடைப்பவை. பலருக்கு அவை பழைய ரிப்போர்ட்டிலேயே இருக்கின்றன. விடுபட்டிருப்பது கணக்கு மட்டும்தான். கிரியாட்டினின் அளவோடு சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனையும் ஆய்வகக் கணினியே கணக்கிட்டு அடுத்த வரியில் அச்சிடும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டணு மூன்றும் ஒரே நாளில் எடுக்கப்பட்ட ரிப்போர்ட்டில் ஃபிப்-4 என்று ஒரு வரியைக் கூட்டுவதற்கும் ஆய்வகம் செய்ய வேண்டியது அவ்வளவே.