மழலைக்குப் பதில் சொல்லும்போது என்ன நடக்கிறது?

குழந்தையிடம் நிறையப் பேசுங்கள் என்று மருத்துவர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லாரும் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் எவ்வளவு பேசுகிறோம் என்பதோடு, எப்போது பேசுகிறோம், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதும் முக்கியம். குழந்தை ஒரு சத்தம் போடுகிறது, உடனே ஒருவர் பதில் சொல்கிறார், குழந்தை மறுபடி சத்தம் போடுகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் பேச்சின் அஸ்திவாரம்.

கேட்கும் வேலை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆறு, ஏழு மாதக் கர்ப்பத்திலேயே சிசுவுக்குக் காது கேட்கும். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள் வேறு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலையே நாடுவதை 1980இல் அந்தோனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் இருவரும் காட்டினார்கள். குழந்தையின் வாயில் ரப்பர் காம்பு இருக்கும். அதைச் சப்பும் இடைவெளியைப் பொறுத்து ஒலிப்பதிவு மாறும். அம்மாவின் குரல் வரும்படி அந்தப் பச்சிளம் குழந்தைகள் சப்பும் விதத்தையே மாற்றிக்கொண்டன.

அடுத்த சில மாதங்களில் காது தன் தாய்மொழிக்குப் பழகுகிறது. இதை அளந்தவர்கள் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும். 1984இல் வெளிவந்த அவர்களது ஆய்வில் பயன்பட்ட ஒலிகள் நமக்கு நன்றாகத் தெரிந்தவை: இந்தியின் ‘ட’வும் ‘த’வும். ‘பட்டு’, ‘பத்து’ இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளவே மாட்டோம். ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பெரியவர்களுக்கு இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்தறிவது கஷ்டம். ஆனால் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளரும் 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள், ஒலி மாறியதும் சட்டெனத் தலையைத் திருப்பினார்கள். 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டது. நம் வீட்டுப் பிள்ளை அதை இழக்காததற்குக் காரணம், அந்த ஒலிகள் அதன் காதில் தினமும் விழுவதுதான்.

காதில் விழுந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த விடை 2003இல் வந்தது. மைக்கேல் கோல்ட்ஸ்டைன், ஆண்ட்ரூ கிங், மெரிடித் வெஸ்ட் மூவரும் சுமார் எட்டு மாதக் குழந்தைகளையும் தாய்மார்களையும் ஓர் அறையில் விளையாட விட்டார்கள். தாய்மார் காதில் ஹெட்ஃபோன். ஒரு குழுவில், குழந்தை சத்தம் எழுப்பிய உடனே “சிரியுங்கள், கிட்டே போங்கள், தொடுங்கள்” என்று தாய்க்கு ஹெட்ஃபோனில் சொல்லப்பட்டது. இன்னொரு குழுவில் தாய்மார் அதே அளவு சிரித்தார்கள், தொட்டார்கள். ஆனால் அவர்களுடைய குழந்தை எப்போது சத்தம் போட்டது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முதல் குழுக் குழந்தைகளின் மழலை அந்த ஒரே அமர்வுக்குள் மேம்பட்டது. வெறும் உயிரொலியாக இழுத்துக்கொண்டிருந்தவர்கள் ‘பா’, ‘மா’ போன்ற முழு அசைகளைக் கூடுதலாக எழுப்பினார்கள். இரண்டாம் குழுவில் அந்த மாற்றம் இல்லை. அன்பு இரண்டு குழுவிலும் ஒரே அளவுதான்; நேரம்தான் வேறு. (கிங்கும் வெஸ்டும் அடிப்படையில் பறவை ஆய்வாளர்கள். கௌபேர்ட் என்ற பறவையில் பாடாத பெண் பறவை, சிறகை லேசாக அசைத்தே இளம் ஆண் பறவையின் பாட்டைத் திருத்துகிறது என்று முன்பே கண்டிருந்தார்கள்.)

அதே 2003இல் சியாட்டிலில் பாட்ரிசியா கூலின் குழு, ஆங்கிலம் பேசும் வீட்டு 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் சீனம் கேட்க வைத்தது. ஆட்கள் நேரில் உட்கார்ந்து பொம்மை காட்டிப் பேசியபோது சீன ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்களின் பேச்சை வீடியோவிலோ ஒலிப்பதிவிலோ கேட்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. திரையில் இருப்பவருக்குக் குழந்தை எங்கே பார்க்கிறது என்று தெரியாது. குழந்தை ‘ஆ’ என்றால் நிறுத்திக் கேட்கவும் தெரியாது.

இதை வீட்டுக்குக் கொண்டுவருவோம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தை தரையில் உட்கார்ந்து டம்ளரைக் கிண்ணத்துக்குள் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறது. பெரியவர் கையில் ஏ, பி, சி அட்டை. டம்ளரைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் காட்டத் தோன்றும். வேண்டாம். குழந்தை ஏற்கெனவே கவனிக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் அந்தச் சொல் நன்றாகப் பதிகிறது. கவனத்தை வேறு பக்கம் இழுத்துச் சொன்னால் அவ்வளவாகப் பதிவதில்லை. மைக்கேல் டொமசெல்லோவும் ஜெஃப்ரி ஃபாராரும் 1986இலேயே இதைக் காட்டினார்கள். எனவே டம்ளரைப் பற்றிப் பேசுங்கள்: “டம்ளர் உள்ளே போச்சா? டங்குன்னு சத்தம் கேட்டுச்சா?”

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பெரியவர்களின் உரையாடலில் ஒருவர் முடிக்க, மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். சின்னக் குழந்தைக்கு அது போதவே போதாது. சொல்லைத் தேட வேண்டும், நாக்கையும் உதட்டையும் அதற்கு வளைக்க வேண்டும். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாமே கேள்வியும் பதிலுமாகப் பொழிந்துகொண்டிருந்தால் குழந்தைக்கு முறையே வராது.

குழந்தை “தாத்தா போ” என்றால், “ஆமா, தாத்தா கடைக்குப் போயிட்டாங்க” என்று வளர்த்துச் சொல்லுங்கள். “அப்படி இல்ல, சரியாச் சொல்லு” என்று நிறுத்த வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் முழு வாக்கியமே திருத்தம். ரகரமும் ழகரமும் நாக்கில் உட்கார இன்னும் சில வருஷம் ஆகும். ‘மம்மு’, ‘பாச்சி’ என்று கொஞ்சிப் பேசுவதாலும், வீட்டில் இரண்டு மொழி புழங்குவதாலும் பேச்சு தாமதமாகாது. குரலை உயர்த்தி, இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு பேசும் அந்தக் கொஞ்சல் குழந்தையின் கவனத்தைப் பிடித்து வைக்கிறது.

சோறு ஊட்டும்போது போனைக் கையில் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனியாகப் பிள்ளை வளர்க்கும் வீடுகளின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த இருபது நிமிஷம், முகம் பார்த்துப் பேச ஒரு நாளில் கிடைக்கும் மிக நல்ல நேரம். ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது.

இத்தனையும் செய்தும் பேச்சு வராவிட்டால் முதலில் காதைப் பரிசோதியுங்கள். “அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்” என்று காத்திருப்பதில் விலைமதிப்பற்ற மாதங்கள் போய்விடுகின்றன. நாக்கில் வசம்பும் தேனும் தடவுவதும் உதவாது. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தும்கூட. 12 மாதத்தில் மழலையோ, கை நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதில் சொந்தமாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோனாலும் அப்படித்தான். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இயங்கும், வளர்ச்சித் தாமதத்தை ஆரம்பத்திலேயே கண்டறிந்து உதவும் டி.இ.ஐ.சி. (District Early Intervention Centre) மையங்களில் பிறப்பு முதலே குழந்தைகளைப் பார்க்கிறார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறை உண்டா என்று உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் இலக்கு.