காய்ச்சலை மறைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்திலிருந்து சபரிமலைக்கும் வேளாங்கண்ணிக்கும் போய் வருபவர்கள், வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்து லீவில் வருபவர்கள் என்று பலரை எங்கள் வெளிநோயாளர் பிரிவில் பார்க்கிறேன். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சு எனக்குப் பெரும் கவலை தருகிறது: "எயார்போட்ல புடிச்சு வச்சிருவாங்கன்னு ரெண்டு பெனடோல் போட்டுக்கிட்டேன் டொக்டர்."

அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. கையில் காசு தீர்ந்திருக்கும், விசா முடியப்போகும், கூட வந்த குழு கிளம்பிவிடும். ஆனால் பெனடோல் என்ற பரசிட்டமோல் மாத்திரை உடம்புச் சூட்டைத்தான் இறக்கும். தொற்று அப்படியேதான் இருக்கும்.

திருச்சியிலிருந்து வந்திறங்கிய ஒரு அம்மாவைப் பரிசோதித்தேன். நெற்றியிலும் கழுத்திலும் திருநீறு அப்பியிருந்தது. காதுக்குப் பின்னால் முடியை விலக்கினால் கொப்புளங்கள்; சில நீர் கோத்தவை, சில அப்போதுதான் சிவந்து எழும்பியவை. கொப்புளிப்பான், அதாவது சிக்கன்பொக்ஸ். வீட்டில் மருமகள் மாசமாக இருக்கிறார், எல்லோரும் தோட்டத்து லயன் வரிசையில் ஒரே காம்பிராவில் (அறையில்). கர்ப்பிணிக்கு இந்த நோய் நுரையீரலைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. முன்பு கொப்புளிப்பான் வராத கர்ப்பிணி, நோயாளியோடு பழகிய சில நாட்களுக்குள் வந்தால் பாதுகாக்க வழி உண்டு. மருமகளை அன்றே வரச் சொன்னோம். விமானத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு யார் போய்ச் சொல்வது?

நம் வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவோம், வெளியாட்களை உள்ளே விடமாட்டோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த ஆள் வெளியே போகமாட்டார். விமான நிறுவனம் கேட்பதும் ஏறக்குறைய அதைத்தான். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்ட வேண்டும், பயணம் செய்யலாம் என்று டொக்டர் கடிதம் தர வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரக் கணக்கு. கூடப் பயணித்தவர்களில் இதற்கு முன் கொப்புளிப்பான் வராதவர்கள் 10 முதல் 21 நாட்கள் வரை தங்கள் உடம்பைக் கவனிக்க வேண்டும்.

எல்லாக் காய்ச்சலுக்கும் ஆளை அடைத்துவைப்பார்கள் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. சின்னமுத்து (மீசில்ஸ்) என்றால் தடிப்பு தோன்றி நான்கு நாட்கள் வரை மற்றவர்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும். டெங்கோ ஆளுக்கு ஆள் நேரடியாகத் தொற்றாது, நுளம்புதான் கடத்துகிறது. மற்றவர்களுக்குப் பரவாமலிருக்க நோயாளி நுளம்பு வலைக்குள் இருந்தால் போதும். அதை அறியாமல் மறைப்பவர்கள், காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று பஸ் ஏறுகிறார்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு இருந்தால் அந்த ஊரிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தமிழ்நாட்டில் அம்பியூலன்ஸுக்கு 108. டெங்கு இல்லை என்று தெரியும் வரை பெனடோல் தவிர அஸ்பிரின், இபுபுரோஃபன், டைக்குளோஃபெனாக் எதையும் தொடாதீர்கள்.

விசா முடிந்துவிடுமே என்கிறீர்களா? ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, முடிவதற்கு முன்பே அந்நாட்டுக் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவியுங்கள். சென்னையில் நமது இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்பவர்கள் தூதரகத் தொழிலாளர் பிரிவை நாடலாம். ஊரில் உள்ள குடும்பத்தார் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைக்கலாம். பாஸ்போட் பெரும்பாலும் வீட்டு முதலாளியிடம்தான் இருக்கும் என்பதால், போவதற்கு முன்பே அதன் படத்தையும் காப்புறுதிப் பத்திரத்தின் படத்தையும் போனிலும், வீட்டில் ஒருவரிடமும் வைத்துவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்ற முடியுமா, ஒரு வாரம் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் செலவுக்கு என்ன வழி என்பதையும் கிளம்பும் முன்பே கேட்டு வைப்பது நல்லது. குழுவாகப் போகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொதுப் பணம் வைத்துக்கொண்டால், சுகமில்லாதவர் பின்தங்கினாலும் துணைக்கு ஒருவர் நிற்க முடியும். இதைக் குழுத் தலைவர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கும்போது காய்ச்சல் இருந்தால் அங்குள்ள சுகாதார அதிகாரிகளிடம் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தாலும், அது சில மாதங்கள் கழித்தே வந்தாலும், தோட்ட டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ முதலில் சொல்ல வேண்டியது எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்பதை. 2016இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. அதனால் மலேரியா நோயாளியையே பார்த்திராத இளம் டொக்டர்கள் இங்கே நிறையப் பேர். நீங்கள் இந்தியா, ஆபிரிக்கா என்று சொன்னால்தான் அந்த இரத்தப் பரிசோதனை அவர்கள் நினைவுக்கு வரும். போகுமுன் மலேரியாத் தடை இயக்கத்தில் தடுப்பு மாத்திரையை இலவசமாகவே கேட்டு வாங்கலாம்.