தன் காதுக்காகவே கத்தும் வௌவால்

இலைக்குள் மறைந்திருந்து குயில் கூவினாலும் அது குயில்தான் என்று சொல்லிவிடுகிறோம். எட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை. பறவைக் குரல்களில் பழகியவர்கள், இருட்டில் பறக்கும் வௌவால்களையும் இப்படியே குரலால் இனம் பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருவார்கள். நானும் அப்படி வந்தவன்தான். பதிவுகளோடு உட்கார்ந்த சில நாள்களிலேயே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

குயில் கூவுவது இன்னொரு குயில் கேட்பதற்கு. 'நான் இன்ன இனம்' என்ற சேதி அந்தக் கூவலுக்குள் இருந்தே ஆக வேண்டும். வௌவால் இரை தேடும்போது கத்துவதோ தானே கேட்பதற்கு. போன ஒலி எதன்மேல் பட்டுத் திரும்புகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதை வைத்து, எதிரே இருப்பது சுவரா, கிளையா, பூச்சியா என்று அறிந்துகொள்கிறது. இருட்டில் நாம் டார்ச் அடிப்பது போன்ற காரியம் அது. வெளிச்சத்தை மட்டும் பார்த்து, டார்ச்சைப் பிடித்திருப்பவர் யார் என்று சொல்ல வேண்டும். ஒலிப்பதிவிலிருந்து வௌவால் இனத்தைச் சொல்வது ஏறக்குறைய அந்த வேலை.

வௌவால் காதால்தான் வழி காண்கிறது என்ற சந்தேகம் 1790களிலேயே எழுந்தது. கண்ணை மறைத்தாலும் வௌவால் தடுமாறாமல் பறப்பதை இத்தாலிய அறிவியலாளர் ஸ்பல்லன்ஸானி பார்த்தார். காதை அடைத்தால் அது முட்டி மோதுகிறது என்பதை ஜெனீவாவின் மருத்துவர் ஜூரின் காட்டினார். ஆனால் எந்த ஒலியைக் கேட்கிறது? மனிதக் காதுக்கு எதுவுமே கேட்கவில்லையே. அந்தப் புதிர் அவிழ 1938 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது ஹார்வர்டில் மாணவராக இருந்த டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் செய்து வைத்திருந்த, மீயொலியை, அதாவது மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலியை, உணரும் கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். அமைதி என்று நினைத்த இடத்தில் ஒரே இரைச்சல்!

நம் காது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். பெரும்பாலான வௌவால்கள் கத்துவது அதற்கு மேலே; சிலது 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும். அதை நம் எல்லைக்குள் இறக்கப் பல வழிகள் உண்டு. ஹெட்டரோடைன் கருவி, நாம் திருகி வைக்கும் அதிர்வெண்ணோடு வௌவாலின் ஒலியைக் கலந்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் கேட்கச் செய்யும். இன்னொரு வழி, பதிவைப் பத்து மடங்கு மெதுவாக ஓட்டுவது; 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி 5 கிலோஹெர்ட்ஸாக இறங்கிக் காதுக்கு எட்டிவிடும். இப்போதோ உள்ளங்கை அளவுப் பதிவுக் கருவிகளே நொடிக்கு 3,84,000 முறை மாதிரி எடுக்கின்றன. அதில் பாதி, அதாவது 192 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி சிதையாமல் பதிவாகும்.

பதிவானதைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதுதான் அதிகம். ஸ்பெக்ட்ரோகிராம் என்ற படத்தில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாக அதிர்வெண் ஏறும். ஒலியின் வலிமை நிறமாகத் தெரியும். ஒவ்வொரு கத்தலும் சில மில்லிநொடி நீளமுள்ள ஒரு கோடு. சிலது செங்குத்தாகச் சரியும். சிலது வளைந்து இறங்கி, ஹாக்கி மட்டையின் நுனிபோல அடியில் படுத்துக்கொள்ளும். சிலது நேரே கிடைக்கோடு. இங்கே ஒரு பேரமும் உண்டு. நேரத்தைத் துல்லியமாகக் காட்டச் சொன்னால் அதிர்வெண் மங்கும், அதிர்வெண்ணைக் கூராக்கினால் நேரம் இழுபடும். படம் வரையும் அமைப்பை மாற்றாமல் எல்லாப் பதிவுகளையும் பார்ப்பது முக்கியம். இல்லாவிட்டால் இரண்டு படங்களுக்கு நடுவே தெரியும் வித்தியாசம் வௌவாலுடையதா, அமைப்புடையதா என்றே தெரியாது.

எளிமையான இனங்களிலிருந்து தொடங்கினால் மனம் தளராது. மூக்கின்மேல் குதிரை லாடம் போன்ற சதைமடிப்புள்ள லாட வௌவால்கள் ஒரே அதிர்வெண்ணை நீட்டிப் பிடிக்கும். ஐரோப்பாவில் பெரிய லாட வௌவால் ஏறத்தாழ 82 கிலோஹெர்ட்ஸிலும் சிறியது 110 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் கத்துகின்றன. இந்த இரண்டையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ள வழியே இல்லை. பிப்பிஸ்ட்ரெல் கதை இன்னும் சுவையானது. ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இந்தச் சிறு வௌவால், சில இடங்களில் 45 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் சில இடங்களில் 55 கிலோஹெர்ட்ஸை ஒட்டியும் கத்துவதை 1993இல் பிரிட்டனில் கவனித்தார்கள். பிறகு டிஎன்ஏவைப் பார்த்தபோது அவை இரண்டு தனி இனங்கள் என்பது உறுதியானது. உடலை அளந்தவர்களுக்குத் தெரியாதது ஒலியைக் கேட்டவர்களுக்குத் தெரிந்தது. ஆனால் கோடு 50 கிலோஹெர்ட்ஸை ஒட்டி விழுந்தால்? நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வௌவால் மைக்கை நோக்கி வந்தாலே டாப்ளர் விளைவால் அதிர்வெண் சுமார் 3 சதவீதம் கூடிக் காட்டும். நடுவில் விழுவதை நடுவிலேயே விட்டுவிடுவதுதான் நேர்மை.

குரலின் வடிவம் ஏன் மாறுகிறது என்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். வௌவால் 5 மில்லிநொடி கத்தினால், முடிப்பதற்குள் ஒலியின் முனை 1.7 மீட்டர் போயிருக்கும். ஆக 85 சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக ஒரு பொருள் இருந்தால், கத்தி முடிக்கும் முன்பே எதிரொலி திரும்பி வந்து சொந்தக் குரலோடு கலந்துவிடும். கிளைகளுக்கு நடுவே பறக்கும்போது வௌவால் கத்தலைச் சுருக்குவது இதனால்தான். கூடவே அதிர்வெண்ணை மேலிருந்து கீழாக அகலமாகச் சரிக்கிறது. பல அதிர்வெண்கள் கலந்த எதிரொலியில்தான் தொலைவும் வடிவமும் நுட்பமாகத் தெரியும். அதே வௌவால் திறந்த வெளிக்கு வந்துவிட்டால் முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. தொலைவில் உள்ள பூச்சிதான் தெரிய வேண்டும். உயர்ந்த அதிர்வெண்ணைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும் என்பதால் குரலைத் தாழ்த்தி, நீட்டி, ஏறக்குறைய கிடைக்கோடாக்கிக்கொள்கிறது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரே வௌவால், ஒரே இரவு, சில நிமிட இடைவெளி. படத்தில் பார்த்தால் இரண்டு வேறு இனம்போல இருக்கும். மறுபுறம், உறவே இல்லாத இரண்டு இனங்கள் ஒரே புதருக்குள் நுழைந்தால் இரண்டின் கோடுகளும் ஒன்றுபோலச் செங்குத்தாகிவிடும். ஆகவே கோட்டைப் பார்த்ததும் 'இது எந்த இனம்?' என்று கேட்கக் கூடாது. 'இது எங்கே பறந்துகொண்டிருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது?' என்பதே முதல் கேள்வி. மைக் வைத்த இடம் மரத்தடியா, நீர்ப்பரப்பா, வெட்டவெளியா என்ற குறிப்பு இல்லாத பதிவு பாதிப் பதிவுதான்.

இரையை நெருங்கும்போது கத்தல்கள் நெருக்கமாகி, கடைசியில் நொடிக்கு 150க்கும் மேல் போய் ஒரே ரீங்காரமாகும். கேட்க அற்புதமாக இருக்கும். அங்கே வேட்டை நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. இனம் சொல்வதற்கு மட்டும் அது உதவாது. அந்த நொடியில் பெரும்பாலான இனங்கள் தம் வழக்கமான வடிவத்தை விட்டுவிடுகின்றன. தொடரின் நடுவில், வௌவால் அவசரமில்லாமல் தேடிக்கொண்டிருக்கும்போது வரும் கத்தல்களைத்தான் அளக்க வேண்டும்.

பதிவும் பொய் சொல்லும். தூரத்தில் போன வௌவாலின் கோட்டில் மேல்பகுதி காற்றிலேயே கரைந்துபோயிருக்கும். அகலமான சரிவு குட்டையாகத் தெரியும். மிக அருகில் கத்தினால் ஒலி மைக்கின் எல்லையை மீறிக் கத்தரிக்கப்பட்டு, இல்லாத மேலலைகள் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் கோடுகள்) படத்தில் முளைக்கும். வெட்டுக்கிளிகள் மீயொலியில் பாடும், சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் மீயொலி வரும். சில அந்துப்பூச்சிகள் பதிலுக்கு ஒலி எழுப்புகின்றன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வௌவாலும் கத்தித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட, அதைக் கேட்ட பெர்த்தோல்டியா டிரைகோனா என்ற அந்துப்பூச்சி 'கிளிக்' ஒலிகளைப் பொழிந்து அதன் எதிரொலியைக் குழப்பிவிடுகிறது. 2009இல் வெளியான ஆய்வு இது. பூச்சியின் அந்தக் கிளிக்கும் பதிவில் வௌவால்போலவே உட்கார்ந்திருக்கும்.

மென்பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆயிரக்கணக்கான கோப்புகளில் வௌவால் உள்ளதையும் வெறும் இரைச்சலையும் பிரிக்க அது பெரிய உதவி. இனப் பெயரை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். தனக்குக் கற்பித்த இனங்களின் பெயர்களே அதற்குத் தெரியும். பட்டியலில் இல்லாத இனம் வந்தால், இருப்பதில் நெருங்கியதன் பெயரைச் சூட்டிவிடும். கற்பித்த பதிவுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. இனத்தை உறுதி செய்ய வௌவாலைப் பிடித்து, பார்த்து, கையிலிருந்து விடுவித்து அதன் குரலைப் பதிவார்கள். தப்பித்தால் போதும் என்று கிளம்பும் வௌவால் குட்டையாக, செங்குத்தாகக் கத்தும். இயல்பாக இரை தேடும்போது அது அப்படிக் கத்துவதில்லை.

பதிவில் வராததையும் கணக்கில் கொள்ள வேண்டும். சிறிய லாட வௌவால் சில மீட்டருக்குள் வந்தால்தான் மைக்குக்குக் கேட்கும். நாக்ட்யூல் எனப்படும் பெரிய வௌவாலோ 100 மீட்டருக்கு அப்பாலிருந்தும் கேட்கும். நீள்காது வௌவால்கள் முணுமுணுப்பதோடு சரி. பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை எதிரொலியால் வழி தேடுவதே இல்லை. எத்தனை வௌவால் என்ற எண்ணிக்கையும் கிடைக்காது. நூறு பதிவு என்பது நூறு வௌவாலாகவும் இருக்கலாம், ஒரே வௌவால் நூறு முறை வந்துபோனதாகவும் இருக்கலாம்.

கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி, இனம் ஏற்கெனவே உறுதியான ஓர் உறைவிடத்தின் அருகே, அவற்றுக்குத் தொந்தரவு தராமல், அந்தி நேரத்தில் காத்திருப்பது. வாயிலில் ஒரு மைக், மர வரிசையில் ஒன்று, திறந்த வெளியில் ஒன்று. வெளியேறும் வௌவால்களின் கோடு, அந்த மூன்று இடங்களிலும் செங்குத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்து நீள்வதைப் பார்த்துவிட்டால், ஓர் இனத்தின் குரல் எவ்வளவு தூரம் வளையும் என்பது பிடிபட்டுவிடும். மயோட்டிஸ் என்ற பேரினத்து வௌவால்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அவற்றின் செங்குத்துக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படியும். பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 'மயோட்டிஸ், இனம் தெரியவில்லை' என்றுதான் எழுதி வைக்கிறார்கள்.